பாக்தாதின் ஜூதாபா: ஒரு சொட்டும் வீணாகாத இனிப்பு

பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்டெடுக்கும் பண்டம் மேலை நாட்டாருடையது என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஆனால், அப்பாஸிய கலீஃபாக்களின் தலைநகரான பாக்தாதில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை ஒத்த ஓர் இனிப்பு இருந்தது. அதன் பெயர் ‘ஜூதாபா’.

10ஆம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூல் இதன் செய்முறைகள் பலவற்றைத் தருகிறது. அவற்றுள் ஒன்று, கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் சகோதரர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தியுடையது. மெல்லிய ரொட்டியை விரித்து, வாழைப்பழமும் சர்க்கரையும் பரப்பி, மீண்டும் ரொட்டியால் மூடி, இவ்வாறே அடுக்கிப் பன்னீர் ஊற்றுவர். ஆப்ரிகாட் பழத்திலும் இப்படிச் செய்ததுண்டு. பின்னர் அதைத் தன்னூர் அடுப்பினுள் வைத்து, மேலே கொழுத்த கோழியைத் தொங்கவிடுவர். கோழி வேகும்போது சொட்டும் கொழுப்பை ரொட்டி உறிஞ்சிக்கொள்ளும். அரச குடும்பத்து அடுப்பிலும் அது நெருப்பில் விழுந்து வீணாகவில்லை.

கீழே விழுந்த கவளத்தையும் தூசு நீக்கி உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. இன்றோ, நம் விருந்துகளில் ஸஹனில் மிஞ்சிய சோறு குப்பைக்குப் போகிறது. தோல் கறுத்துவிட்டதென்று கனிந்த வாழைப்பழத்தை எறிகிறோம். அருட்கொடைகளைப் பற்றி மறுமையில் நிச்சயம் விசாரிக்கப்படுவோம் என்று அத்தகாஸுர் அத்தியாயம் எச்சரிக்கிறது.

வீண்விரயத்திலிருந்து நம் இல்லங்களை அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.