கோடரி பட்ட காடும் அணை தப்பிய காடும்

இலங்கையின் தென்மேற்கில் உள்ள சிங்கராஜ வனம் சுமார் 88 சதுர கிலோமீட்டர். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கு 89 சொச்சம். இரண்டும் பசுமைமாறா மழைக்காடுகள். இரண்டுக்கும் 1970களில் ஆபத்து வந்தது, அதுவும் காக்கவேண்டிய அரசின் கையாலேயே.

சிங்கராஜவில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து 1977இல் வெட்டு நின்றபோது காட்டின் ஒரு பகுதி குலைந்திருந்தது. அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம். சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கமும் கவிஞர் சுகதகுமாரியும் பறவையியலாளர் சாலிம் அலியும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது.

கோடரிக் காயம் ஆறுமா? சிங்கராஜவின் பறவைக் கூட்டத்தைப் பார்த்தால் ஓரளவு ஆறும் என்றே தோன்றுகிறது. தவிட்டுக்குருவி இனத்துச் சிலம்பன்கள் கலகலவென்று இலைகளைக் கிளறி முன்னே போகும். கலைந்தெழும் பூச்சிகளைப் பிடிக்கக் கரிச்சான் கூடவே வரும். வல்லூறு தெரிந்தால் முதலில் கத்துவதும் கரிச்சான்தான். அந்தக் காவலை நம்பிச் செம்முகப் பூங்குயில் உட்படப் பல இனங்கள் சேர்ந்துகொள்ளும். ஒரே கூட்டத்தில் நாற்பது பறவைகள்கூட இருக்கும். வெட்டுண்ட வடமேற்குப் பகுதியிலும் இவை திரிகின்றன. பக்கத்தில் வெட்டாத காடு மிஞ்சியதால் வந்த பிழைப்பு இது. ஆனால் பெருமரங்களின் விதைகள் தாய்மரத்தை விட்டு அதிகத் தூரம் போகாதவை என்பதால் அங்கே மரங்களின் மீட்சி இன்னும் மெதுவாகவே நடக்கிறது.

அணை ஏற்படுத்தும் காயத்துக்கு ஆறும் இந்தச் சலுகை கிடையாது. அமைதிப் பள்ளத்தாக்கின் சோலைமந்தி, வெடிப்பலாவின் முள்தோலைப் பிய்த்து விதை தின்றபடி மர உச்சியிலேயே காலம் கழிக்கும்; தரையிறங்குவது அபூர்வம். கிளைக்குக் கிளை தொடர்பு அறுந்தால் அதன் உலகமே அறுந்துபோகும். நீரில் மூழ்கிய பள்ளத்தாக்கை எந்தப் போராட்டமும் மீட்டுத் தராது. ஆகவே முன்கூட்டியே தடுத்த கேரளத்தின் வெற்றியே பெரிது என்பேன்.

ஆனால் இன்று அதிகக் கவலை சிங்கராஜவைப் பற்றித்தான். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியும், நீண்டு ஒடுங்கிய அந்தக் காட்டின் ஓரங்களைத் தேயிலை நெருக்குகிறது. அமைதிப் பள்ளத்தாக்குக்கு 2007இல் 148 சதுர கிலோமீட்டர் அரண்பகுதி கிடைத்தது. சிங்கராஜவுக்கும் அப்படியொரு அரண் ஏட்டளவில் நிற்காமல் தரையில் வேண்டும்.