ஸவாது நிலத்தின் தீர்வை

ஹனபீ பிக்ஹு ஓதப்படும் மதரஸாக்களில் இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்களின் பெயர் ஒலிக்காத நாளில்லை. தொழுகை, வாணிபம், வக்பு எனப் பாடந்தோறும் அவர்களது கூற்று வந்து நிற்கும். ஆயினும், ஓர் அரசின் வரவு செலவை நெறிப்படுத்தும் பொருட்டு அப்பெருமகனார் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலைப் புரட்டிப் பார்த்தோர் நம்மில் மிகச் சிலரே. நிலவரி பற்றிய நூல்தானே என்று ஒதுக்கிவிடுகிறோம் போலும்!

அந்நூலின் பெரும்பகுதி இராக்கின் ஸவாது நிலத்தைச் சுற்றியே அமைந்தது. ஸவாது என்றால் கருமை. பாலையினின்று வருவோர் கண்களுக்கு அங்குள்ள பயிரும் பேரீச்சந் தோப்புகளும் கருமையாய்த் தோன்றியமையால் அரபிகள் இட்ட பெயர் அது. கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (634–644) இப்பூமி முஸ்லிம்களின் வசமானபோது, வென்ற வீரர்களுக்கே அதனைப் பங்கிட வேண்டுமென்று பிலால் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) போன்ற பெருந்தோழர்கள் வாதிட்டனர். உமர் (ரலி) இணங்கவில்லை. இன்று பங்கிட்டுவிட்டால் பின்னே வருவோருக்கு என்ன எஞ்சும்? எல்லைகளைக் காப்போருக்கு எதிலிருந்து ஊதியம் வழங்குவது? அனாதைகளும் விதவைகளும் என்ன செய்வர்? நாட்கணக்கில் ஆலோசனை நடந்தது. முடிவில், பின்வரும் தலைமுறையினருக்கும் பங்குண்டு என்பதற்கு ‘அல்ஹஷ்ர்’ அத்தியாயத்தின் வசனங்களை அவர்கள் ஆதாரமாக எடுத்துக்காட்டினார்கள். நிலம் உழுவோரிடமே விடப்பட்டது. அதன்மீது கராஜ் விதிக்கப்பட்டது.

இதனை வெறும் வரி ஏற்பாடு என நாம் கொள்ளலாகாது. பங்கீடு நடந்திருப்பின் சில ஆயிரம் குடும்பங்கள் பெருநிலக்கிழார்களாகியிருக்கும், பைத்துல்மாலோ வறண்டிருக்கும். ஒரு சட்டத் தீர்ப்பே ஒரு நாட்டின் செல்வம் ஓடும் திசையை வகுத்தது.

உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். அளவையில் கண்டது 3 கோடியே 60 லட்சம் ஜரீபு என்பர். ஜரீபு ஒன்றுக்குக் கோதுமைக்கு 4 திர்ஹம், வாற்கோதுமைக்கு 2, திராட்சைக்கு 10 என்பது ஓர் அறிவிப்பு. அவ்விருவரிடமும் உமர் (ரலி), நிலம் தாங்கவொண்ணாச் சுமையை அதன்மீது ஏற்றிவிட்டீர்களோ என்று வினவினார்கள். இல்லை, தாங்கும் அளவே விதித்தோம், மிச்சமும் விட்டிருக்கிறோம் என்பதே விடை. இந்த வினாவை வாசகர்கள் நினைவிற் கொள்க.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. நிலங்கள் பல தரிசாயின. தீர்வையோ அளவின்படியே நின்றது. நீர் எட்டும் நிலமாயின் விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் வரி உண்டு. தானியம் மலிந்த ஆண்டில் அதே திர்ஹமுக்காக உழவன் அதிக மூட்டைகளை விற்றாக வேண்டும். விலை ஏறிய ஆண்டிலோ இழப்பு அரசுக்கு. கலீபா மஹ்தியின் காலத்திலேயே (775–785) விளைச்சலில் பங்கு பெறும் முகாஸமா முறை புகுந்துவிட்டது. கலீபா ஹாரூன் ரஷீத் (786–809) தம் தலைமைக் காழியாகிய அபூ யூசுபிடம் விளக்கம் கேட்க, இமாமவர்களும் பங்கு முறையையே பரிந்துரைத்தார்கள்.

உமர் (ரலி) விதித்ததை மாற்ற இவர் யார் என்ற கேள்வி எழாதிருக்குமா? இமாமவர்களே அதை எழுப்பி விடையும் தருகிறார்கள். அன்றைய நிலம் அத்தீர்வையைத் தாங்கியது; தாங்குமா என்று உமரே கேட்டறிந்தார்கள்; அது என்றென்றும் மாறாத விதி என்று அவர்கள் சொல்லவில்லை; தாங்கும் சக்தி குறைந்தபோது குறைப்பதே அவர்களைப் பின்பற்றுவதாகும். எண்ணை விட்டு வினாவைப் பற்றிக்கொண்ட இந்த நுட்பத்தை எண்ணி நாம் வியக்கிறோம்.

வாய்க்கால் நீர் தானே பாயும் கோதுமை, வாற்கோதுமை நிலத்துக்கு விளைச்சலில் ஐந்தில் இரு பங்கு. ஏற்றமிட்டு இறைக்கும் நிலத்துக்குப் பத்தில் மூன்று. பேரீச்சை, திராட்சைத் தோட்டங்களுக்கு மூன்றில் ஒன்று. இது இலேசான வரியன்று. இமாமவர்களை வரிக்குறைப்பின் வக்கீலாக எண்ணிவிடலாகாது. அவர்கள் செய்தது வேறு. விளைந்தால் அரசுக்கு மிகுதி, பொய்த்தால் அரசுக்கும் நட்டம் என்றாக்கி, பைத்துல்மாலை உழவனின் கூட்டாளியாக்கினார்கள். கூட்டாளியானால் முதலிடவும் வேண்டுமே! ஆகவே பெரிய ஆறுகளினின்று பிரியும் பெருங்கால்வாய்களைத் தூர்வாரும் செலவு முழுவதையும் உழவர்மீது சுமத்தலாகாது, பைத்துல்மாலும் அதில் பங்கேற்க வேண்டும் என்றும், தத்தம் வயலுக்குச் செல்லும் சிறு வாய்க்கால்கள் உழவர் பொறுப்பு என்றும் வகுத்தார்கள்.

வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதை அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். குத்தகைதாரன் தான் கட்டிய பணத்துக்கு மேல் இலாபம் காண, குடிகளை அடிப்பான், வெயிலில் நிறுத்துவான், கழுத்தில் கல்லைத் தொங்கவிடுவான். நாடு பாழாவதைப் பற்றி அவனுக்கென்ன?

பின்வந்த அப்பாஸியர், பணமுடை நேர்ந்தபோதெல்லாம் குத்தகைதாரரையே நாடினர். 936இல் கலீபா ராழீ, படையையும் கராஜையும் ஒருசேர இப்னு ராயிக் என்னும் அமீரிடம் ஒப்புவித்தார். ஓரிரு ஆண்டுகளுக்குள், எதிர்த்து வந்த பஜ்கமின் படையைத் தடுப்பதற்காக, ஸவாதின் பெருங்கால்வாயாகிய நஹ்ரவானின் கரையை அந்த அமீரே உடைத்துவிட்டார்.