உடைக்கப் பிள்ளையார் இல்லாத தெரு

வெள்ளிக்கிழமைன்னா ஆயா மாடத்தில் அகல் ஏத்தும். திண்ணையில் கறுப்புச் சட்டையோடு அப்பா. இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்தவன் நான்.

1953 மே 27, புத்தர் பிறந்தநாள். பிள்ளையார் சிலைகளை உடைக்கச் சொல்லியிருந்தார் பெரியார். அப்பா கடைத்தெருவிலிருந்து ஒரு மண் பிள்ளையாரை வாங்கி வந்தாராம். 'நம்ம தெருவுல புள்ளையாரே கெடையாது. காசு குடுத்து வாங்கியாந்து ஒடைக்கிறியே, அந்தக் காசுக்கு அரிசி வாங்கியிருக்கலாமேடா?' என்று ஆயா கேட்டதாம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். தான் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் சொன்னதில்லை.

1947இலேயே சென்னை மாகாணம் முழுக்கக் கோயில் நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. எங்க ஊர் மாரியம்மனுக்கு அது தெரியாது போல. பறையடிக்க நாங்க வேணும். தேர் எங்க தெருவுக்குள்ள வராது. 'கடவுள் இல்லை' என்று ஊர்த்தெருத் தோழர் சொல்லும்போது, தான் போய்க்கொண்டிருந்த கோயிலை விட்டுவிட்டு வந்து சொல்கிறார். அப்பாவை அந்தக் கோயில் உள்ளேயே விட்டதில்லை. கூட்டங்களில் இந்த வித்தியாசத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் 1898இலேயே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியவர். பறையர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்றவர். அப்பாவின் அலமாரியில் அவர் இல்லை. 1999இல் அவர் எழுத்துகள் தொகுப்பாக வந்த பிறகுதான் நானே படித்தேன். படித்துக் காட்ட அதற்குள் அப்பா இல்லை.

ஆயாவின் அகல் இன்னும் மாடத்தில் இருக்கிறது. நான் ஏத்துறதில்லை. தூக்கிப் போடவும் மனசு வரல.