பிஃரு மஊனாவுக்குப் பின் ஒரு மாதம்

உஹதில் ஷஹீதான 70 தோழர்களின் துயரம் மதீனாவின் வீடுகளை விட்டு இன்னும் நீங்கவில்லை. நான்கு மாதங்களே கடந்திருந்தன. ஹிஜ்ரி 4ஆம் ஆண்டு ஸஃபர் மாதத்தில் அபூ பரா என்னும் குலத்தலைவர் வந்து, நஜ்து மக்களுக்கு மார்க்கத்தை எடுத்துரைக்கத் தோழர்களை அனுப்புமாறு வேண்டினார். நஜ்துவாசிகள் தீங்கிழைப்பார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் அஞ்சினார்கள். பாதுகாப்புக்குத் தாம் பொறுப்பு என்று அவர் வாக்களித்த பின்னரே அனுப்பினார்கள்.

சென்றவர்கள் குர்ஆனைக் கற்றுத் தேர்ந்த காரீகள். 70 பேர் என்கிறது புகாரியின் அறிவிப்பு. பகலில் விறகு சேகரிப்பார்கள். அதை விற்றுத் திண்ணைத் தோழர்களுக்கு உணவு வாங்குவார்கள். இரவில் தொழுவார்கள். பிஃரு மஊனா என்னும் கிணற்றருகே ரிஃல், தக்வான், உஸய்யா குலத்தார் அவர்களைச் சூழ்ந்து கொன்றனர். பேசிக்கொண்டிருந்த ஹராம் பின் மில்ஹான் (ரலி) அவர்களைப் பின்னாலிருந்து ஈட்டியால் குத்தினர். அவர்களின் சகோதரி மகன்தான் இச்செய்தியை நமக்கு அறிவிக்கும் அனஸ் (ரலி) அவர்கள். இதற்காக வருந்தியதைப் போல் நபியவர்கள் வேறெதற்கும் வருந்தித் தாம் கண்டதில்லை என்று அனஸ் (ரலி) கூறுகிறார்கள்.

அந்த வருத்தம் தொழுகைக்குள் இடம் பெற்றது. ஒரு மாத காலம் நபியவர்கள் ருகூஉவிலிருந்து எழுந்து நின்று, அக்குலங்களின் பெயரைச் சொல்லியே அவர்களுக்கு எதிராகப் பிரார்த்தித்தார்கள். ஐவேளைத் தொழுகைகளிலும் ஓதினார்கள், பின்நின்றோர் ஆமீன் கூறினர் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. மய்யித்து வீட்டில் வாய்விட்டு ஒரு சொல் சொன்னாலே ‘ஸப்ர் செய்யுங்கள்’ என்று அடக்கிவிடும் நாம், இதைச் சற்று நின்று நோக்க வேண்டும். முறையீடு அங்கே ஸஃப்பில் நின்றே எழுந்தது. உறவை இழந்தவர் தனியே அழவில்லை. அவர்கள் இறைவனைச் சந்தித்துவிட்டார்கள், அவன் அவர்களைப் பொருந்திக்கொண்டான் என்ற ஆறுதலை ஜிப்ரீல் (அலை) கொண்டுவந்தார்கள்.

இதுவே குனூத் நாஸிலா. ஃபஜ்ரில் நாள்தோறும் குனூத் ஓதும் நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈகளும், வித்ரில் ஓதும் ஹனஃபிகளும் பேரிடர்க் காலத்தில் இதை ஏற்கின்றனர்.

உயிர்தப்பிய அம்ர் பின் உமைய்யா (ரலி) அவர்கள் மதீனா திரும்பும் வழியில், பகைக் குலத்தார் என்றெண்ணி இருவரைக் கொன்றுவிட்டார்கள். அவ்விருவரோ நபியவர்களிடம் அடைக்கலம் பெற்றிருந்தவர்கள். 70 பேரை இழந்த துயரத்திலும், அவ்விருவருக்கான இரத்த ஈட்டுத்தொகையைச் செலுத்தும் பொறுப்பை நபியவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.