உடைப்பை அடைத்தார், ஓட்டத்தைக் காத்தார்

வாய்க்காலின் கரை ஓரிடத்தில் அரித்து மெலிந்துவிட்டால் உழவன் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். தலைமதகை மூடி நீரையே நிறுத்திவிடலாம். அன்றி, நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெலிந்த இடத்தை மட்டும் அடைக்கலாம். முன்னது எளிது, ஆயின் பயிர் வாடும். பின்னது அரிது, ஆயின் பயிர் பிழைக்கும். மூளையின் குருதிக்குழாய்களில் தோன்றும் ஒரு கொடிய நோயை மருத்துவர் எதிர்த்த வரலாறு, முன்னதைக் கைவிட்டுப் பின்னதை அடைந்த வரலாறேயாகும். அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

நோயின் இயல்பு

குருதிக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, குருதியின் அழுத்தத்தால் பைபோலப் புடைத்தெழுவதுண்டு. இதனை மேனாட்டார் ‘அனியூரிசம்’ என்பர். விரிவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது இப்பெயர். தமிழில் நாம் ‘குழாய்ப் புடைப்பு’ எனலாம். மூளையின் அடியில் குழாய்கள் கிளைக்கும் இடங்களிலேயே இது பெரும்பாலும் தோன்றும். பலர் இஃது இருப்பதே அறியாமல் வாழ்ந்து முடிக்கின்றனர். வெடித்துவிட்டாலோ, இடி விழுந்தாற்போன்ற தலைவலி எழும். குருதி மூளையைச் சூழும். பலர் உயிர் துறப்பர். பிழைத்தோருள்ளும் பலர் பிறர் துணையின்றி வாழ இயலாதோராவர்.

மதகை மூடிய காலம்

இங்கிலாந்து நாட்டு அறிஞர் தாமஸ் வில்லிஸ், 1664ஆம் ஆண்டில் வெளியிட்ட மூளையுடற்கூற்று நூலில், மூளையின் அடியில் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து வளையம்போல் அமைந்திருப்பதை விளக்கினார். ஒரு வழி அடைபட்டாலும் மறுவழியே குருதி வந்து சேரலாம் என்பது இவ்வளையத்தின் சிறப்பு.

இச்சிறப்பே அறுவை மருத்துவர்க்குத் துணிவளித்தது. கழுத்துக் குழாயில் புடைப்பு கண்ட ஒருவருக்கு, ஆஸ்ட்லி கூப்பர் 1805ஆம் ஆண்டில் லண்டனில் அக்குழாயையே கட்டினார், நோயாளி இறந்தார். 1808இல் மீண்டும் ஒருவருக்குக் கட்டினார். அவர் பல்லாண்டு வாழ்ந்தார். பின்னர், மூளைக்குள் தோன்றிய புடைப்புகளுக்கும் கழுத்துக் குழாயைக் கட்டுவதே மருந்தாயிற்று. ஆயின், வில்லிஸ் கண்ட வளையம் எல்லாரிடத்தும் நிறைவாக அமைவதில்லை. அமையாதோர் மூளைக்குக் குருதியின்றிப் பக்கவாதமுற்றனர்; சிலர் மாண்டனர். நோயைத் தடுக்கச் செய்ததே நோயாளிக்குக் கேடாய் முடிந்தது.

கவ்வியின் வருகை

புடைப்பு எங்குள்ளது என்பதை முன்னரே காணவேண்டுமன்றோ? 1927இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ், குழாயில் மருந்தினைச் செலுத்தி மூளைக் குருதிக்குழாய்களை ஊடுகதிர்ப் படத்தில் காட்டினார். 1931இல் எடின்பரோவில் நார்மன் டாட், குருதி கசிந்த புடைப்பின்மேல் நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த தசைத்துண்டை வைத்துப் போர்த்தார். குழாய் மூடப்படவில்லை, நோயாளியும் பிழைத்தார்.

1937ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர் டேண்டி செய்த அறுவையே பெருந்திருப்பமாகும். புடைப்புக்கு ஒரு கழுத்துண்டு என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். அக்கழுத்தில் சிறு வெள்ளிக் கவ்வி ஒன்றை மாட்டினார். பை தனித்தது, குழாயில் குருதி முன்போல் ஓடிற்று. உடைப்பையும் ஓட்டத்தையும் பிரித்தறிந்த கருவி இச்சிறு கவ்வியே.

உள்ளிருந்தே அடைத்தல்

கவ்வியை மாட்ட மண்டையோட்டைத் திறந்தாக வேண்டும். திறவாமலே செய்ய வழியுண்டா? மாஸ்கோவில் பியோதர் செர்பினென்கோ, குழாய் வழியே நுண்ணிய பலூனைச் செலுத்தி, வேண்டிய இடத்தில் கழற்றிவிடும் முறையை வகுத்து 1974இல் வெளியிட்டார். ஆயின் பலூனின் வடிவம் ஒன்று, புடைப்பின் வடிவம் வேறு. மெலிந்த சுவரைப் பலூன் நெருக்கினால் அது வெடிக்கக்கூடும்.

இத்தாலியரான குயிதோ குக்லியெல்மி, கலிபோர்னியாவில் இதற்கு விடை கண்டார். மென்மையான பிளாட்டினக் கம்பிச் சுருளைத் தொடை வழியே நுண்குழாயால் புடைப்புக்குள் செலுத்தி, சிறு மின்னோட்டத்தால் அதனைக் கழற்றிவிட்டார். 1990இல் முதல் நோயாளிக்குப் பயன்பட்ட இச்சுருள், 1995இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. வெடித்த புடைப்புடைய 2,143 பேரைக்கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. ஓராண்டில் இறந்தோரும் பிறர் துணையை நாடியோரும் கவ்வி முறையில் 30.6 விழுக்காடு, சுருள் முறையில் 23.7 விழுக்காடு.

ஓட்டமே மருந்தாதல்

கழுத்து அகன்ற பெரும்புடைப்பில் சுருள் தங்குவதில்லை. நழுவிக் குழாயை அடைக்கக்கூடும். அதற்கெனப் பிறந்ததே ஓட்டந்திருப்பும் வலைக்குழல். அமெரிக்காவில் 2011இல் ஒப்புதல் பெற்ற ‘பைப்லைன்’ என்னும் வலைக்குழல் 48 நுண்ணிழைகளால் பின்னப்பட்டது. அது புடைப்புக்குள் நுழைவதே இல்லை. தாய்க்குழாய்க்குள் புடைப்பின் வாயைக் கடந்து கிடக்கும். குருதி நேர்வழியே விரைய, பைக்குள் தேங்கியது உறைகிறது. வலையின்மேல் குழாயின் உட்தோல் படர்ந்து புதுச்சுவராகிறது. கிளைக்குழாய்களோ, தாம் ஊட்டும் மூளைப்பகுதி குருதியை ஈர்ப்பதால் பெரும்பாலும் திறந்தே நிற்கின்றன.

108 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் சோதித்த புடைப்புகளுள் 86.8 விழுக்காடு முற்றும் மூடின. எனினும், 5.6 விழுக்காட்டினர்க்குக் கடும் பக்கவாதமோ மூளைத்தாக்கால் இறப்போ நேர்ந்ததையும் மறைத்தலாகாது. வலையில் குருதி உறையாதிருக்க உறைதடுப்பு மருந்துகள் வேண்டும். ஆதலின் புதிதாய் வெடித்த புடைப்புக்கு இதனை இடுதல் எளிதன்று. இன்றும் கவ்வி, சுருள், வலை ஆகிய மூன்றும் வழக்கிலுள்ளன. எவர்க்கு எது தகும் என்பதைப் புடைப்பின் இடமும் வடிவும் நோயாளியின் நிலையும் முடிவு செய்யும்.

கூப்பர் காலத்து மருத்துவர், ‘குருதியை எவ்வாறு நிறுத்துவது?’ என்று வினவினர். டேண்டிக்குப்பின் வந்தோர், ‘நிறுத்தாமல் எவ்வாறு காப்பது?’ என்று வினவினர். வினா திருந்தியபின்னரே கருவிகளும் திருந்தின. மாணவர்க்கு இவ்வரலாற்றைச் சொல்லும் ஆசிரியர், விடைகளோடு இவ்விரு வினாக்களையும் சேர்த்தே சொல்வாராக.