உள்ளத்தை விசாரித்த மன்றங்கள்

பிரான்சின் தென்பகுதியிலுள்ள துலூஸ் நகரில் 1307 முதல் 1323 வரை மதவிசாரணை அதிகாரியாக இருந்தவர் பெர்னார்ட் கீ என்னும் டொமினிக்கன் துறவி. கத்தோலிக்கத் திருச்சபையின் கோட்பாட்டிலிருந்து விலகிய கேத்தர்கள், வால்டென்சியர்கள் முதலியோரை விசாரித்துத் தண்டிப்பது அவருடைய பணி. அவருடைய தீர்ப்புப் பதிவேடு இன்றும் எஞ்சியிருக்கிறது. அதில் 600-க்கும் மேற்பட்டோர் இடம்பெறுகின்றனர். அவர்களுள் உயிரோடு எரிக்கப்பட்டோர் சுமார் 40 பேர். சிறையிடப்பட்டோர் ஏறத்தாழ 300 பேர். எஞ்சியோரில் பலர் மஞ்சள் சிலுவை அணியவும் யாத்திரை செல்லவும் பணிக்கப்பட்டனர்.

ஒருவருக்கு யாத்திரை, இன்னொருவருக்குத் தீ என்பதை எவ்வாறு முடிவு செய்தார்கள்? மனம்போன போக்கில் அல்ல. சட்டம் கற்றோரையும் குருமார்களையும் கூட்டி ஆலோசித்தே தீர்ப்பு எழுதினார்கள். கடுந்தண்டனைக்கு ஆயரின் இசைவும் தேவைப்பட்டது. விசாரணை ஓர் ஊருக்கு வரும்போது கருணைக்காலம் என ஒரு தவணை அறிவிக்கப்படுவதுண்டு. அதற்குள் தாமே முன்வந்து அனைத்தையும் சொன்னவருக்கு எளிய தண்டனை. தாமதித்தவருக்கும் பாதி மறைத்தவருக்கும் ரொட்டியும் தண்ணீருமாகச் சிறைவாசம். கொள்கையைக் கைவிட மறுத்தவரும், கைவிட்டபின் மீண்டும் அதற்குத் திரும்பியவரும் அரச அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர். உயிருக்குச் சேதமின்றி நடத்துங்கள் என்று திருச்சபை சடங்காக வேண்டிக்கொள்ளும். அடுத்து நடப்பது தீ வைப்பதுதான் என்பதை யாவரும் அறிந்திருந்தனர்.

‘அனைத்தையும் சொல்வது’ என்பதில் பிறரைக் காட்டிக்கொடுப்பதும் அடங்கும். தாய், கணவர், அண்டைவீட்டார் பெயர்களைச் சொன்னால்தான் வருத்தம் உண்மையானது என ஏற்கப்பட்டது. சாட்சி சொன்னவர் யார் என்பது குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. 1252-இல் போப் நான்காம் இன்னசென்ட் சித்திரவதைக்கும் அனுமதி அளித்திருந்தார். இறந்தவர்களும் தப்பவில்லை, எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார்கள். மார்பிலும் முதுகிலும் மஞ்சள் சிலுவை தாங்கியவர் தெருவெங்கும் ஏளனத்துக்கு ஆளானார். ஒரே ஊரில் ஒருவரையொருவர் நம்ப முடியாத நிலை உருவாயிற்று.

இதைப் படித்துவிட்டு, அது பிறருடைய வரலாறு என நாம் ஒதுங்கிவிட முடியாது. ஹிஜ்ரி 218-இல் (கி.பி. 833) கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் கருத்தை ஏற்கிறார்களா என அறிஞர்களை விசாரிக்க ஆணையிட்டார். மிஹ்னா எனப்படும் சோதனை அது. அச்சத்தால் பலர் இணங்கினர். இணங்க மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) சிறையிடப்பட்டார். அடுத்த கலீஃபா முஃதஸிமின் காலத்தில் சாட்டையால் அடிக்கப்பட்டார். அந்த அடிகள் அவருடைய கொள்கையை மாற்றவில்லை.

போர்க்களத்தில் கலிமா மொழிந்த ஒருவரை, உயிருக்கு அஞ்சியே மொழிந்தார் எனக் கருதிக் கொன்றுவிட்ட உஸாமா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். பிறர் உள்ளத்தைத் திறந்து பார்க்கும் ஆற்றல் மனிதருக்கு இல்லை.

இன்று நம்மிடம் சிறையும் இல்லை, சாட்டையும் இல்லை. ஆயினும் கருத்து வேறுபட்டவரை வழிகெட்டவர் என முத்திரை குத்துகிறோம், ஸலாமை மறுக்கிறோம், சம்பந்தத்தை முறிக்கிறோம். அந்த மஞ்சள் சிலுவையை நம் கைகளும் தைத்துக்கொண்டிருக்கின்றனவா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.