காற்றின் இரைச்சலும் ஓட்டுநரின் செவியும்

மோட்டார் சைக்கிளின் வரலாறு இயந்திரத்தின் வரலாறாகவும், பந்தயங்களின் வரலாறாகவும், தலைக்கவசத்தின் வரலாறாகவும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த வண்டியை ஓட்டுபவரின் செவிக்கு என்ன நேர்ந்தது என்ற கோணத்திலிருந்து அது அரிதாகவே பார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக் காலம் இந்த வண்டியின் ஓசையைப் பற்றிச் சட்டங்களுக்கு இரண்டு கவலைகளே இருந்தன: ஒன்று, வண்டி எழுப்பும் சத்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகக் கூடாது, மற்றொன்று, ஓட்டுநர் பிறருடைய ஹாரன் ஒலியைக் கேட்காமல் போய்விடக் கூடாது. ஓட்டுவது என்ற செயலே ஓட்டுநரின் செவியைக் கெடுக்கிறதா என்ற மூன்றாவது கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது. அந்தத் தாமதத்தின் விளைவாக, இரைச்சலைக் குறைக்கும் காதடைப்பானும் ஒலியைக் கூட்டும் இயர்ஃபோனும் ஒரே தவறின் இரு வடிவங்கள் என்று சில இடங்களில் கருதப்பட்டன.

இரைச்சலால் செவி கெடும் என்ற அறிவு மோட்டார் சைக்கிளைவிட மிகப் பழையது. தொழில்சார் நோய்களைப் பற்றிய முதல் பெருநூலை 1700-இல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாத்சீனி, வெனிஸ் நகரத்துச் செப்புக் கொல்லர்கள் நாள் முழுதும் சுத்தியல் ஓசையின் நடுவே இருந்து முதுமையில் முற்றிலும் செவிடாகிவிடுவதை அதில் பதிவுசெய்தார். 1886-இல் கிளாஸ்கோ நகரத்துச் செவி மருத்துவர் தாமஸ் பார், நீராவிக் கொதிகலன்களுக்கு ஆணி அறையும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்து, அவர்களிற் பெரும்பாலோருக்குச் செவித்திறன் கடுமையாகக் குன்றியிருந்ததைக் காட்டினார். தொழிற்கூடத்துச் சத்தம் உடலைக் கெடுக்கும் என்பது இவ்வாறு மருத்துவருலகில் நிலைபெற்றுவிட்ட அதே காலத்தில்தான், 1885-இல், ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் பெட்ரோல் இயந்திரம் பொருத்திய இருசக்கர வண்டியை உருவாக்கினர். ஆயினும் தொழிற்கூடத்தில் கற்ற பாடத்தைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

காதை அடைக்கும் கருவியும் வேறு வழியாகவே வளர்ந்தது. பெர்லின் நகரத்து மருந்தாளுநர் மாக்ஸ் நெக்வெர் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மெழுகில் தோய்த்த பஞ்சு உருண்டைகளை ஓரோபாக்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். நகரத்துச் சந்தடியில் உறக்கம் இழந்தவர்களுக்காக வந்த அப்பொருளை முதல் உலகப் போரில் பீரங்கி ஓசைக்கு அஞ்சிய படைவீரர்கள் பயன்படுத்தினர். பிரிட்டனிலும் மாலக்-ஆம்ஸ்ட்ராங் என்ற பெயருடைய காதுக்காப்பு பீரங்கிப் படையினருக்குக் கிடைத்தது. அதாவது, செவிக்காப்பு என்பது உறக்கத்துக்கும் போருக்கும் உரிய பொருளாக இருந்ததேயன்றி, பயணத்துக்கு உரியதாகக் கருதப்படவில்லை.

மோட்டார் சைக்கிளின் சத்தம் என்றாலே புகைக்குழாயின் சத்தம் என்று அக்காலத்தார் எண்ணியதற்குத் தக்க காரணம் இருந்தது. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் 1907-இல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் பந்தயத்தளத்தில், சைலன்ஸர் இல்லாத இயந்திரங்களின் முழக்கத்தைப் பொறுக்க இயலாத சுற்றுப்புறத்தார் வழக்காடியதன் விளைவாக, 1920-களின் நடுவில் அங்கு ஓடும் வண்டிகள் எல்லாம் குறிப்பிட்ட வடிவில் அமைந்த பெரிய சைலன்ஸரைப் பூட்ட வேண்டும் என்ற விதி வந்தது. வண்டிக்கு வெளியே நிற்பவரைக் காக்கும் இந்த வழிமுறையே பிற்காலச் சட்டங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. வண்டியின் மேல் அமர்ந்திருப்பவருக்கு அது பயன் தரவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் செவியில் விழும் இரைச்சலின் பெரும்பகுதி, வேகம் கூடும்போது, புகைக்குழாயிலிருந்து வருவதே இல்லை என்பதை எவரும் அன்று அளந்து பார்க்கவில்லை.

அதே புரூக்லண்ட்ஸில் மருத்துவராக இருந்த எரிக் கார்ட்னர், பந்தய ஓட்டுநர்களின் தலைக்காயங்களைக் கண்டு, கித்தான் துணியும் அரக்கும் கொண்டு செய்த தலைக்கவசத்தை வற்புறுத்தியதன் பயனாக, 1914-இல் மான் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயமாக்கப்பட்டது. 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவரான நரம்பு அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், இராணுவத்தில் செய்தி கொண்டு செல்லும் ஓட்டுநர்களின் மரணங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் இராணுவம் அவர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மோதலின் விசையை உள்வாங்கும் நுரை அடுக்கைக் கொண்ட கவசத்துக்கு அமெரிக்காவில் சார்லஸ் லம்பார்டின் குழு 1953-இல் காப்புரிமை பெற்றது. 1960-களின் பிற்பகுதியில் பெல் நிறுவனம் முகம் முழுவதையும் மூடும் கவசத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தலையோட்டைக் காப்பதில் இவை ஒவ்வொன்றும் பெரும் முன்னேற்றம்; காதையும் மூடிவிட்டதால் செவியையும் காத்துவிட்டன என்ற எண்ணம் மட்டும் பிழையானது.

கவசத்தைப் பற்றிய அச்சம் இதற்கு நேர்மாறான திசையில் எழுந்தது. அமெரிக்க நடுவண் அரசு 1966-இல் இயற்றிய சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் அழுத்தத்தால் பெரும்பாலான மாநிலங்கள் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கின. 1976-இல் அந்த அழுத்தம் நீக்கப்பட்டபோது பல மாநிலங்கள் பின்வாங்கின. கவசம் அணிந்தவருக்கு ஆம்புலன்ஸின் ஒலியும் ஹாரனும் கேட்காது என்பது எதிர்ப்பாளர்களின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. இவ்வாதத்தை முதலில் அசைத்தது விபத்து ஆய்வு. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரிற் சென்று ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட அறிக்கை, சாலையின் முக்கியமான ஒலிகளைக் கவசம் மறைப்பதாகச் சான்று இல்லை என்று கூறியது. பின்னர் 1994-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறைக்காக ஓடும் வண்டிகளின் மேலேயே நடத்தப்பட்ட சோதனையும், ஹாரனைக் கேட்கும் திறனில் கவசம் அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே காட்டியது.

அதற்கான விளக்கம் மோட்டார் சைக்கிளோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வில் முன்பே கிடைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல்-ஒலியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய கார்ல் கிரைட்டர், பேரிரைச்சலின் நடுவே காதடைப்பான் அணிந்தவருக்குப் பேச்சு குறைவாக விளங்குவதில்லை என்பதையும், இரைச்சல் மிகக் கடுமையாக இருந்தால் ஓரளவு தெளிவாகவே விளங்குகிறது என்பதையும் 1946-இல் எழுதினார். ஓர் ஒலி மற்றோர் ஒலியைக் கேட்கவிடாமல் செய்வதை ஒலி மறைப்பு என்பர். மறைக்கப்படுகிறதா இல்லையா என்பது கேட்க வேண்டிய ஒலிக்கும் பின்னணி இரைச்சலுக்கும் இடையேயுள்ள விகிதத்தைப் பொறுத்தது. காதடைப்பான் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாழ்த்துவதால் அந்த விகிதம் மாறுவதில்லை. அதோடு, அளவுக்கு மீறிய ஒலியில் செவி ஒலிகளைத் திரித்தே உணர்கிறது. அடைப்பான் அணியும்போது அந்தத் திரிபு குறைகிறது.

மறைக்கும் அந்தப் பின்னணி இரைச்சல் எது என்பதை 1980-களிலும் 1990-களிலும் நடந்த அளவீடுகள் வெளிப்படுத்தின. பிரிட்டனில் 1989-ஆம் ஆண்டின் பணியிட இரைச்சல் விதிகள் பணியாளரின் செவியைக் காக்கும் கடமையை நிறுவனங்கள் மேல் வைத்தன. காவல்துறை ஓட்டுநர் நாள் முழுதும் வண்டியின் மேல் இருக்க நேர்வதால், அவருக்கு அந்த வண்டியே பணியிடம் ஆயிற்று. ஒலி அதிர்வியல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும், செவி மருத்துவர் ஆண்ட்ரூ மெக்கோம்பும் அவருடன் பணிசெய்தோரும், கவசத்துக்குள் காதருகே சிறு ஒலிவாங்கிகளைப் பொருத்தி அளந்தபோது, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஏறத்தாழ 90 டெசிபலும், 160 கிலோமீட்டர் வேகத்தில் 110 டெசிபல் அளவிலும் இரைச்சல் இருந்தது. அதன் பெரும்பகுதி இயந்திரத்திலிருந்து வரவில்லை. கவசத்தைச் சுற்றிப் பாயும் காற்று ஒழுங்கிழந்து சுழல்வதால் பிறந்தது.

இந்த எண்களின் பொருள் டெசிபல் அளவுகோலின் தன்மையை அறிந்தால்தான் விளங்கும். அந்த அளவுகோலில் 3 டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் இரு மடங்காகிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம்; 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம், 100-ஐத் தொட்டால் 15 நிமிடம் என்று அந்த வரம்பு சுருங்கிக்கொண்டே போகும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டியவர் வண்டியை விட்டு இறங்கியதும் காதில் உணரும் ரீங்காரமும் மந்தமும் தற்காலிகச் செவித்திறன் இழப்பின் அறிகுறிகள். உட்செவியில் ஒலியதிர்வை நரம்புத் தூண்டலாக மாற்றும் நுண்மயிர்க் கலங்கள் அவ்வேளையில் களைத்திருக்கின்றன. அந்தக் களைப்பு பல ஆண்டுகள் தொடர்ந்தால் அக்கலங்கள் மடிகின்றன. மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை.

கவசம் ஏன் இதைத் தடுப்பதில்லை என்பதையும் ஆய்வுகள் விளக்கின. காற்றிரைச்சலின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் குவிந்திருக்கிறது; அத்தகைய ஒலியை மெல்லிய நுரையும் ஓடும் தடுக்கமாட்டா. பாத் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்லியும் அவருடன் பணிசெய்தோரும் 2010-களின் தொடக்கத்தில் காற்றுக்குகையிலும் சாலையிலும் செய்த சோதனைகளில், கவசத்தின் கீழ்விளிம்பில், முகவாய்க்கு அடியில் உருவாகும் காற்றுச் சுழல்கள் இரைச்சலின் முக்கியமான மூலங்களுள் ஒன்று என்று கண்டனர். 1971-இல் கிரெய்க் வெட்டர் அறிமுகப்படுத்திய விண்ட்ஜாமர் காற்றுத்தடுப்பும், 1976-இல் காற்றுக்குகையில் வடிவமைக்கப்பட்டு வந்த பி.எம்.டபிள்யூ ஆர்100ஆர்எஸ் வண்டியும் ஓட்டுநரின் மார்பைக் காற்றிலிருந்து காத்தன. ஆனால் காற்றுத்தடுப்பின் மேல்விளிம்பில் கலையும் காற்று கவசத்தின் மேல் மோதுமாறு அமைந்துவிட்டால், அவ்வசதியே செவிக்கு இரைச்சலைக் கூட்டிவிடக்கூடும்.

ஆகவே எஞ்சிய எளிய வழி காதடைப்பானே. அது பொதுமக்கள் கைக்கு எளிதாக வந்தது 1970-களிலிருந்துதான். அமெரிக்காவில் ராஸ் கார்ட்னர் உருவாக்கிய, அழுத்தினால் சுருங்கிக் காதுக்குள் மெல்ல விரியும் நுரை அடைப்பான் 1972-இல் விற்பனைக்கு வந்தது. எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய சமமாகக் குறைத்து, பேச்சும் இசையும் தம் இயல்பு கெடாமல் கேட்க உதவும் அடைப்பானை எல்மர் கார்ல்சனும் மீட் கில்லியனும் இசைக்கலைஞர்களுக்காக உருவாக்க, அது 1988-இல் வெளிவந்தது. அதே கொள்கையைக் கொண்ட வடிகட்டி அடைப்பான்கள் பின்னர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்கென்றே செய்யப்பட்டன.

இதற்குள் அதே செவித்துளைக்கு மற்றொரு பொருள் வந்துவிட்டது. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டபின், நடப்பவரும் ஓட்டுபவரும் இசையை உடன் கொண்டுசெல்லத் தொடங்கினர். 1982-இல் நியூ ஜெர்சியின் வுட்பிரிட்ஜ் நகரம், சாலையில் செல்வோர் ஹெட்ஃபோன் அணிவதைத் தடைசெய்ததே அந்தக் கவலையின் வேகத்தைக் காட்டும். கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம் இரு காதுகளிலும் ஹெட்ஃபோனையோ அடைப்பானையோ அணிவதை ஒரே வாக்கியத்தில் தடுத்தது. தீங்கான இரைச்சலைக் குறைப்பதற்கென்றே செய்யப்பட்டு, ஹாரனையும் சைரனையும் கேட்கவிடும் அடைப்பானுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. பிரான்ஸ் 2015 ஜூலை முதல் ஒலி எழுப்பும் எந்தக் கருவியையும் ஓட்டுநர் காதில் அணிவதைத் தடைசெய்து, கவசத்துக்குள் பதித்த ஒலிபெருக்கிகளை அனுமதித்தது. தலைக்கவசத்துக்கான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 22-ஆம் எண் விதிமுறையும் அணிபவரின் கேட்கும் திறனை ஆபத்தான அளவில் பாதிக்கக் கூடாது என்று கேட்கிறதேயன்றி, காற்றிரைச்சலுக்கு எல்லை வகுக்கவில்லை.

காதுக்குள் நடப்பதை வைத்துப் பார்த்தால் இவ்விரு பொருள்களும் எதிரெதிரானவை. அடைப்பான் எல்லா ஒலியையும் தாழ்த்துகிறது. வெறும் இயர்ஃபோன் காற்றிரைச்சலின் மேல் மற்றோர் ஒலியை ஏற்றுகிறது. ஏற்கெனவே 95 டெசிபல் இரைச்சல் இருக்கும் காதில் பாடலின் சொற்கள் விளங்க வேண்டுமானால் பாடல் அதற்கு நிகராகவோ மேலாகவோ ஒலிக்க வேண்டியிருக்கும். அப்போது செவிக்கு இருமடங்குச் சுமை ஏறுவதோடு, ஹாரனுக்கும் பின்னணிக்கும் இடையேயுள்ள விகிதமும் கெடுகிறது. 2000-களின் நடுவிலிருந்து பரவிய புளூடூத் தலைக்கவசத் தொடர்பிகளுக்கும் இது பொருந்தும்; அவற்றின் ஒலிபெருக்கிகள் காதுக்கு வெளியே இருப்பதால் உள்ளே அடைப்பானையும் அணிந்துகொள்ள முடிகிறது என்பது மட்டுமே அவற்றின் மேன்மை.

இந்தியச் சாலைகளுக்கு இவ்வரலாற்றை அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஹாரனையும் சைலன்ஸரையும் ஒழுங்குபடுத்தின. இவையும் தலையையும் சுற்றுப்புறத்தையுமே நோக்கின. நகரத்து நெரிசலில் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்குக் காற்றிரைச்சல் பெரிதில்லை. அங்கே மெல்லிய ஒலிகளும் பொருளுடையவை என்பதால் அடைப்பானின் தேவை குறைவு, இயர்ஃபோனின் தீங்கு மிகுதி. வரைபடம் சொல்லும் வழியைக் கேட்டபடியே நாள் முழுதும் வண்டி ஓட்டும் உணவு விநியோகத் தொழிலாளருக்கு, பிரிட்டிஷ் காவல்துறை ஓட்டுநரைப் போலவே, சாலைதான் பணியிடம். ஆனால் தொழிற்சாலைச் சுவர்களுக்குள் செல்லுபடியாகும் இரைச்சல் வரம்பு அவரைத் தொடர்ந்து சாலைக்கு வருவதில்லை. நாற்கரச் சாலையில் சென்னையிலிருந்து மதுரைக்குப் புறப்படும் ஓட்டுநருடைய நிலையோ வேறு. அவருக்குக் கணக்கு முழுவதும் காற்றின் பக்கம் சாய்கிறது, அடைப்பான் பயன் தருகிறது.

எனவே சட்டம் இயற்றுவோரும், கவசம் செய்வோரும், ஓட்டுநர்களும் இனிமேல் கேட்க வேண்டியது காதில் என்ன இருக்கிறது என்பதை அன்று. செவிப்பறையை வந்தடையும் ஒலி எவ்வளவு, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையே. அந்த அளவைக் கொண்டு நோக்கினால் இயர்ஃபோனைத் தடுப்பதும் காதடைப்பானை ஊக்குவிப்பதும் ஒன்றுக்கொன்று முரணான செயல்கள் அல்ல என்பது தெளிவாகும். கவசத்தின் மேல் மோதல் தாங்கும் தரத்துக்கு முத்திரை இடுவதைப் போல, குறிப்பிட்ட வேகத்தில் அதனுள் எழும் இரைச்சலையும் அளந்து அச்சிடுவது செய்யக்கூடிய காரியம். அதற்கான அளவீட்டு முறைகளை ஆய்வாளர்கள் கையாளத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வெனிஸ் செப்புக் கொல்லருக்கும் கிளாஸ்கோ கொதிகலன் தொழிலாளருக்கும் தீங்கு அறியப்பட்டபின்னும் பாதுகாப்பு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. இருசக்கர வண்டியையே பிழைப்பாகக் கொண்டவர்களைப் பொறுத்தவரை, அத்தகைய தாமதத்துக்கு அறியாமையை இனிக் காரணமாகச் சொல்ல இயலாது.